வேண்டாக் கொசுறு

சந்தைக்குச் சென்று பண்டங்கொள்வார் யாவர்க்கும் கொசுறு என்னுஞ் சொல் பழக்கமானது. காய்கறி நிறுத்து வாங்கியபின் ஒரு பிடி கறிவேப்பிலையோ, இரண்டு பச்சைமிளகாயோ விலையின்றிக் கேட்டுப் பெறுதல் நம் நாட்டார் வழக்கம். எம் ஊராகிய புதுக்கடையிலும், தேங்காப்பட்டணம் கடற்புறத்தினின்று வரும் மீன்காரப் பெண்கள் விலை பேசி முடித்தபின் கூடையின் அடியினின்று ஒரு சிறு மீனை எடுத்து மேலே வைப்பதுண்டு. அக்கொசுறு வாங்குவார்க்கு மகிழ்ச்சி. விற்பார்க்கும், நாளையும் இவ்வீட்டார் தம்மையே அழைப்பர் என்னும் நம்பிக்கை. மேலும், அஃது நம் கண்முன்னே, நம் விருப்பத்தோடு இடப்படுவது. வேண்டாமெனின் எடுத்துவிடலாம்.

யாம் ஈண்டு எழுதப் புகுந்தது வேறொரு கொசுறைப்பற்றி. கணினியில் ஒரு மென்பொருளை இறக்கிக்கொள்ளும்போதோ, முன்னிருந்ததைப் புதுப்பிக்கும்போதோ, நாம் கேளாத வேறு மென்பொருள்கள் அதனோடு ஒட்டிக்கொண்டு வந்து நம் கணினியிற் குடியேறிவிடுகின்றன. இதனை விளக்கியுரைக்க வல்லார் வேறு பலர் உளர். யாமோ கணினி நூலிற் புலமையுடையோம் அல்லோம். ஆயினும் எம் அறியாமையால் எம் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் இருமுறை துன்புற்றார். முதன்முறை எமது ஒரு சொல்லால்; இரண்டாம் முறை அதற்கு நேர்மாறான எமது மற்றொரு சொல்லால். அவ்விரண்டையும் மறையாது எழுதின் நம் கல்லூரி மாணவரிற் சிலர்க்கேனும் பயன்படும் என்று கருதியே இதனை எழுதுகின்றோம்.

அப்பெரியவர் எம் தாயுடன் பிறந்தவர், எமக்கு மாமா. முப்பது ஆண்டுக்கு மேலாகப் பள்ளியாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே மகள் செவிலியர் பணி ஏற்று அயர்லாந்து சென்றபின், புதுக்கடையில் உள்ள அவர் இல்லத்து முன்னறையில் ஒரு கணினி வந்து அமர்ந்தது. வாரந்தோறும் மகளின் முகத்தைக் கண்டு பேசுதற்கு அஃதொன்றே வழி. அக்காலம் யாம் இக்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவர். குடும்பத்திற் கணினி தெரிந்த பிள்ளை என்னும் பெயர் எமக்கு எவ்வாறோ வாய்த்திருந்தது. ஆதலின் மாமாவுக்குக் கணினி கற்பிக்கும் பொறுப்பு எம்மிடம் வந்தது.

யாம் கற்பித்த முறையை இன்று நினைப்பினும் நாணம் உண்டாகின்றது. ஒவ்வொரு சாளரத்திலும் உள்ள எழுத்துக்களை அவர் தம் கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிவிட்டு, விரல் வைத்து, முதலிலிருந்து படிக்கத் தொடங்குவார். எமக்கோ பொறுமையில்லை. "இதையெல்லாம் யாரும் படிக்கமாட்டார்கள் மாமா, 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்திக்கொண்டே போங்கள், கடைசியில் 'ஃபினிஷ்' என்று வரும்" என்றோம். அவரும் நல்ல மாணாக்கரைப்போல் அதனை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

2014-ஆம் ஆண்டு மே மாதம் அது. மகளின் திருமண ஒளிப்படக் குறுந்தட்டு கணினியில் ஓடவில்லையென்று, அதனை ஓட்டவல்ல இலவச மென்பொருள் ஒன்றைத் தாமே தேடி இறக்கியிருக்கின்றார். தேடுபொறி காட்டிய விடைகளில் முதலாவது அம்மென்பொருளை ஆக்கியோரின் பக்கமன்று. பணங்கொடுத்து முதலிடம் பெற்ற ஒரு விளம்பரம். அவ்விளம்பரம் கொண்டுபோய்ச் சேர்த்த பக்கத்திலோ 'டவுன்லோடு' என்று எழுதிய பச்சை நிறப் பொத்தான்கள் மூன்று. மூன்றும் பிற சரக்குக்கான விளம்பரங்கள். மெய்யான இணைப்பு கீழே சிறிய நீல எழுத்தில் இருந்தது. மாமா பெரிய பொத்தானை அழுத்தினார்; பின்னர் எம் உபதேசப்படியே 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று சென்று 'ஃபினிஷ்' வரை முடித்தார்.

இரண்டு நாள் கழித்து யாம் சென்றபோது அவ்வறையிற் கண்ட காட்சி எம் நினைவை விட்டு அகலவில்லை. கணினியின் திரைமேல் ஒரு துவர்த்து போர்த்தப்பட்டிருந்தது. காரணம் கேட்டோம். மாமா விடை கூறாது தலைகுனிந்தார். அத்தைதான் மெல்லச் சொன்னார்கள்: "எதைத் திறந்தாலும் கண்ணால் காணக்கூடாத படமாக வருகிறது, மக்களே. இந்த அறையில்தானே சாயங்காலம் ஜெபம் செய்கிறோம்." துவர்த்தை நீக்கிப் பார்த்தோம். உலாவியின் தலையில் மூன்று கருவிப்பட்டைகள். தேடுபொறி மாறியிருந்தது. கணினியை விரைவாக்குவதாகச் சொல்லும் ஒரு மென்பொருள், பல நூறு பிழைகளைத் தான் கண்டுபிடித்ததாகவும், பணஞ் செலுத்தின் அவற்றைத் திருத்துவதாகவும் நிமிடத்துக்கொருமுறை கூவியது. நாற்பது ஆண்டாகச் சபையில் மரியாதையோடு வாழ்ந்த ஒருவர், தம் வீட்டு முன்னறையில் தம் பேத்திவயதுப் பிள்ளைகள் வந்துவிடக்கூடாதே என்று கதவைச் சாத்திவைத்திருந்தார்.

யாம் சினந்து, "ஏன் மாமா, பார்த்து அழுத்தக்கூடாதா?" என்றோம். அவர் குறிப்பேட்டைத் திறந்து எம்மிடம் காட்டினார். "நீதானே மக்களே, படிக்க வேண்டாம், அழுத்திக்கொண்டே போ என்றாய்?" என்றார். அக்குரலிற் சினம் சிறிதுமில்லை. அதனாலேயே அஃது எம்மை மிகவும் வருத்தியது.

அரைநாள் முயன்று அவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக நீக்கினோம். நீக்கும்போதுதான் ஓர் உண்மை புலனாயிற்று. அம்மென்பொருள்களில் ஒன்றேனும் கதவை உடைத்து நுழைந்ததன்று. நிறுவும்போது தோன்றிய சாளரங்களில் அவற்றின் பெயர் சிறிய எழுத்தில் இருந்தது. ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு சிறு பெட்டி. அப்பெட்டியிற் சம்மதக்குறி முன்னமே இடப்பட்டிருந்தது. மாமா சம்மதிக்கவில்லை, ஆயினும் மறுக்கவுமில்லை. மறுக்காமையே சம்மதமாகக் கொள்ளப்பட்டது.

இவ்வாறு செய்வோர் யாவர், எதற்காகச் செய்கின்றனர் என்று கேட்கலாம். மென்பொருளை இலவசமாக வழங்குவோர்க்கும் வயிறு உண்டு. தம் பொதியோடு பிறர் மென்பொருளையும் சேர்த்துக்கொடுத்தால், அது நிறுவப்பட்ட கணினி ஒவ்வொன்றிற்கும் இவ்வளவு என்று கூலி கிடைக்கின்றது. அக்கூலியே இக்கொசுறின் வேர். இவ்வழக்கம் பெயரறியாச் சிறு பக்கங்களோடு நின்றுவிட்டதுமன்று. 2011-ஆம் ஆண்டு, பெரும்புகழ் பெற்ற பதிவிறக்கத் தளமாகிய டவுன்லோடு.காம், பிறர் ஆக்கிய இலவச மென்பொருள்களைத் தன் சொந்த நிறுவியில் பொதிந்து, கருவிப்பட்டைகளையும் சேர்த்து வழங்கியது; என்மேப் என்னும் கருவியை ஆக்கியவர் அதனை வெளிப்படையாகக் கண்டித்தார். திறமூல மென்பொருள்களின் இருப்பிடமாக விளங்கிய சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்திலும் 2015-இல் கிம்ப் என்னும் படந்தீட்டு மென்பொருளுக்கு அந்நிலையே நேர்ந்து பெருங்கூக்குரல் எழுந்தது. மறுஆண்டு அத்தளத்தை வாங்கிய புதிய உரிமையாளர் அவ்வேற்பாட்டை அறவே நிறுத்தினர். இவற்றினும் வியப்பானது, ஜாவா மென்பொருளின் பாதுகாப்புப் புதுப்பிப்போடேயே ஆஸ்க் என்னும் கருவிப்பட்டை பல ஆண்டு சேர்ந்து வந்தமை. நோய் நீக்கும் மருந்தை வாங்கச் சென்றவன் கையில், மருந்துக்கடைக்காரரே வேண்டாத சரக்கொன்றையும் திணித்தனுப்பியது போலாம் அது. 2014-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் விற்கப்பட்ட லெனோவா மடிக்கணினிகள் பலவற்றிலோ, சூப்பர்ஃபிஷ் என்னும் விளம்பர மென்பொருள் கடையிலிருந்து வரும்போதே உள்ளிருந்தது. வங்கி முதலிய பாதுகாப்பான பக்கங்களின் மறைகாப்பையும் அஃது ஊடறுத்தமை 2015 பிப்ரவரியில் வெளிப்பட்டது.

நிற்க. எம் முதற்பிழையின் கதை இது. நாணமுற்ற மனம் நேர்வழியில் நிற்பதில்லை; ஒரு கரையில் இடறினால் மறுகரைக்கு ஓடுகின்றது. கணினியைத் தூய்மை செய்து முடித்தபின் யாம் மாமாவிடம், "இனிமேல் எது வந்து என்ன கேட்டாலும் 'வேண்டாம்' என்றே அழுத்துங்கள்" என்றோம். அதனோடு அமையாது, இயங்குதளம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் எம் கையாலேயே நிறுத்திவிட்டோம். குறிப்பேட்டில் பழைய வரி அடிக்கப்பட்டுப் புதிய வரி எழுதப்பட்டது. மாமாவுக்கு நிம்மதி, எமக்கும் நிம்மதி.

அந்நிம்மதி எத்துணைப் பொய்யானது என்பதை உலகம் 2017-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் கண்டது. வானாக்ரை என்னும் கொடுநிரல் 150-க்கு மேற்பட்ட நாடுகளிற் பரவி, இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளிலுள்ள கோப்புக்களைப் பூட்டிவிட்டு, திறவுகோலுக்குப் பணங்கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. நமக்கு அண்மையிலுள்ள கேரளத்திலும் சில ஊராட்சி அலுவலகங்களின் கணினிகள் அகப்பட்டன. இதில் மிகவும் வருந்தத்தக்கது யாதெனின், அக்கொடுநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதே ஆண்டு மார்ச் 14-ஆம் நாளே வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ இரண்டு மாதம் மருந்து கையெட்டும் தொலைவில் இருந்தது; உண்ணாதவரே பெரும்பாலும் வீழ்ந்தனர்.

புதுப்பிப்பின் இயல்பை ஈண்டுச் சிறிது கூறுதல் வேண்டும். மென்பொருள் என்பது பல்லாயிரம் வரிகளாற் கட்டப்பட்ட வீடு. எத்துணைத் தேர்ந்த கொத்தனார் கட்டினும் எங்கேனும் ஒரு விரிசல் இராமற் போகாது. விரிசல் கண்டபோது கட்டியவர் அதனைப் பூசும் சாந்தை அனுப்புகின்றார், அதுவே புதுப்பிப்பு. ஆனால் சாந்து இன்ன இடத்துக்கு என்று வெளியிடப்பட்டவுடன், விரிசல் இன்ன இடத்தில் உளது என்பதைக் கள்வரும் அறிந்துகொள்கின்றனர். ஆதலின் புதுப்பிப்பு வெளியானபின்னும் பூசாதிருத்தல், வெளியாகாத காலத்தினும் இடர் மிகுந்தது. எம் மாமாவின் கணினி அவ்வாண்டு தப்பியது எம் அறிவாலன்று. இறைவன் அருளால் என்றே கருதுகின்றோம்.

எனினும் எம் சொல்லின் கூலி வேறு வடிவில் வந்தது. 2018-ஆம் ஆண்டு இறுதியில் மாமாவுக்குப் பேரன் பிறந்தான். ஒரு ஞாயிறு மாலை, நம் நேரப்படி ஐந்து மணிக்கு, அயர்லாந்திலுள்ள ஆலயத்திற் குழந்தைக்கு ஞானஸ்நானம். கணினி வழியே அதனைக் காட்டுவதாக மகள் சொல்லியிருந்தார். மாமா நான்கு மணிக்கே வெள்ளைச் சட்டையும் வேட்டியும் அணிந்து, ஆலயத்துக்குச் செல்பவர்போலத் திரைமுன் அமர்ந்தாராம். ஐந்து மணிக்குப் பேச்சு மென்பொருளைத் திறந்தால், 'இப்பதிப்பு இனி இயங்காது. புதுப்பிக்கவும்' என்று கூறி நின்றுவிட்டது. பல வாரமாக அஃது எச்சரித்துக்கொண்டே இருந்திருக்கின்றது. மாமாவும் எம் சொற்படி ஒவ்வொரு முறையும் 'வேண்டாம்' என்று அழுத்தி வந்திருக்கின்றார்.

யாம் அன்று நாகர்கோவிலில் இருந்தோம். தொலைபேசியில் யாம் சொல்லச் சொல்ல அவர் செய்தார். புதிய பதிப்பை நிறுவ, இயங்குதளத்தின் பழைய புதுப்பிப்புக்கள் வேண்டுமென்றது கணினி. நான்கு ஆண்டுப் புதுப்பிப்புக்கள் அவ்வூர்க் கம்பிவழியே ஊர்ந்து வந்து சேர்வதெப்போது? அவரிடமிருந்ததோ பொத்தான் வைத்த சிறு கைப்பேசி. படங்காணும் வசதி அதிலில்லை. யாம் மன்னிப்புக் கேட்கச் சொல் தேடிக்கொண்டிருக்கையில் மாமா, "பரவாயில்லை மக்களே. பிள்ளைக்கு என்ன பெயர் இட்டார்கள் என்று மட்டும் கேட்டுச் சொல்" என்றார். அவர் தம் முதற் பேரனின் ஞானஸ்நானத்தைக் கண்டது, பின்னர் தபாலில் வந்த நான்கு புகைப்படங்களிலேதான்.

அன்றிரவு யாம் நெடுநேரம் உறங்கவில்லை. முதலில் எல்லாவற்றிற்கும் 'ஆம்' என்னச் சொன்னோம். பின்னர் எல்லாவற்றிற்கும் 'வேண்டாம்' என்னச் சொன்னோம். இரண்டும் நேர்மாறானவை என்றே அதுகாறும் எண்ணியிருந்தோம். ஆழ்ந்து நோக்கின் இரண்டும் ஒன்றே. கேட்கப்படுவது இன்னதென்று படியாமலே விடை கூறும் சோம்பலுக்கு இரண்டு பெயர்கள் அவை. மாமா முதல்நாளே விரல் வைத்துப் படிக்கத் தொடங்கினாரே, அதுவே சரியான வழி. அதனைக் கெடுத்தவர் யாமே.

கோதுமையும் களையும் பற்றி நம் ஆண்டவர் கூறிய உவமை அனைவரும் அறிந்தது. மனிதர் நித்திரை செய்கையில் சத்துரு வந்து கோதுமைக்குள் களையை விதைத்துப்போனான். வேலைக்காரர் அதனைக் கண்டு, இப்பொழுதே பிடுங்கிவிடலாமா என்று வினவ, களையோடு கோதுமையும் வேரோடு வந்துவிடுமென்று எஜமான் தடுத்தான். அவ்வேலைக்காரரின் அவசரத்தையே யாமும் செய்தோம். நாம் அயர்ந்த நேரத்தில் விதைக்கப்பட்ட களையைக் கண்டு அஞ்சி, பயிரையும் சேர்த்துப் பிடுங்கினோம்.

அன்றுமுதல் எவ்வகைப் புதுப்பிப்பு வந்தாலும் மூன்று கேள்வி கேட்பதென்று மாமாவும் யாமும் முடிவுசெய்துகொண்டோம்.

முதற்கேள்வி: நாம் தேடிச் சென்றோமா, அது நம்மைத் தேடி வந்ததா? ஏதோ ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கையில், 'உமது மென்பொருள் பழையது. உடனே புதுப்பிப்பீர்' என்று ஒரு சாளரம் குதித்து வருமாயின், அதனை மூடிவிடவேண்டும். மெய்யாகவே பழையதா என்பதை அம்மென்பொருளையே திறந்து, அதன் அமைப்புக்களிற் பார்க்கலாம். எடுத்துக்காட்டாக, ஃபிளாஷ் பிளேயர் என்னும் மென்பொருளை அதன் நிறுவனமே 2020 டிசம்பர் 31-ஆம் நாளோடு கைவிட்டது. அதன் பின்னும் 'ஃபிளாஷைப் புதுப்பியுங்கள்' என்று எவரேனும் அழைப்பின், இறந்தவர் பெயரால் வந்த கடிதமாகவே அதனைக் கொள்ளவேண்டும்.

இரண்டாங்கேள்வி: இது யார் கையிலிருந்து வருகின்றது? ஆக்கியோரின் சொந்தப் பக்கத்திலிருந்தே பெறுதல் நலம். தமிழ் எழுதுதற்குரிய இ-கலப்பை, அழகி முதலியவற்றை ஆக்கியோர் தாமே இலவசமாக வழங்குகையில், நடுவே நிற்கும் தரகரிடம் செல்வானேன்? நம் மார்த்தாண்டத்துத் தேனை எண்ணிப்பார்க்கலாம். ஸ்பென்சர் ஹாட்ச் துரை இளைஞர் கிறிஸ்தவ சங்கத்தின் வாயிலாக 1920-களில் இங்குத் தேனீ வளர்ப்பைப் பரப்பியபின், மார்த்தாண்டம் தேன் என்னும் பெயர் எங்கும் பரவிற்று. பெயர் பரவவே, வெல்லப்பாகையும் அப்பெயரால் விற்போர் தோன்றினர். ஆகவேதான் நாம் வளர்ப்போரின் சங்கத்தையும், அக்மார்க் முத்திரையையும் பார்த்து வாங்குகின்றோம். மென்பொருளுக்கும் அத்தகைய முத்திரை உண்டு, மின்கையொப்பம் என்பர். ஆக்கியோர் தம்மிடமே மறைத்துவைத்த திறவியால் அதனை இடுகின்றனர். வழியில் எவரேனும் ஓரெழுத்தை மாற்றினும் முத்திரை பொருந்தாது போகும். விண்டோஸ் கணினியில், இறக்கிய கோப்பின் பண்புகளைத் திறந்து நோக்கின், கையொப்பமிட்டவர் பெயரைக் காணலாம்.

மூன்றாங்கேள்வி: இதனோடு வேறென்ன வருகின்றது? நிறுவும்போது 'விரைவு நிறுவல்', 'விருப்ப நிறுவல்' என்று இரண்டு வழி காட்டப்படின், விருப்ப நிறுவலையே தேர்தல் வேண்டும். விரைவு என்பது பெரும்பாலும் அவர்களுடைய விரைவே. ஒவ்வொரு சாளரத்தையும் படித்து, முன்னமே குறியிட்ட பெட்டிகளிற் குறியை நீக்கிவிட்டு அப்பாற் செல்லவேண்டும். இதற்கு ஆகும் நேரம் இரண்டு நிமிடம். களை பிடுங்க எமக்கு ஆனது அரைநாள்.

முத்திரையை அறவே நம்பிவிடலாமோவெனின், அதுவும் முற்றும் உறுதியன்று. 2017 ஆகஸ்டு முதல் செப்டம்பர் வரை, சீகிளீனர் என்னும் மென்பொருளின் ஒரு பதிப்பு, ஆக்கியோரின் கையொப்பத்தோடேயே கொடுநிரலைச் சுமந்து, இருபது லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளுக்குச் சென்றது. கள்வர் கடைவாயிலில் நில்லாது பட்டறைக்குள்ளேயே நுழைந்துவிட்டனர். ஆயினும் ஒரு கிணறு கெட்டதென்று ஊரார் தண்ணீர் குடியாதிருப்பதில்லை. அத்தகையது எப்போதோ நிகழ்வது. புதுப்பியாமையின் கேடோ நாடோறும் நிகழ்வது. இன்றியமையாத மென்பொருள்களை மட்டும் வைத்துக்கொள்ளுதலும், நம் கோப்புக்களுக்கு வேறோரிடத்திற் படியெடுத்து வைத்தலும் இத்தகைய பேரிடர்க்குத் துணையாகும்.

மாமாவின் கணினியிலிருந்த விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஆம் நாளோடு புதுப்பிப்பு நின்றது. அப்பழைய கணினியிற் புதிய பதிப்பு ஏறாதாகையால், லினக்ஸ் இனத்து இயங்குதளம் ஒன்றை நிறுவினோம். இஃது நமக்குப் புதியதன்று. 2011 முதல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளிற் பலவற்றில், சி-டாக் நிறுவனம் ஆக்கிய பாஸ் லினக்ஸ் விண்டோஸின் அருகே இருந்தது. அவ்வகையில் மென்பொருள்களும் அவற்றின் புதுப்பிப்புக்களும் முத்திரையிட்ட ஒரே பண்டகசாலையிலிருந்து வருகின்றன. கண்ட கடைக்கும் ஏறியிறங்கும் தேவை மிகக் குறைவு. விண்டோஸையே விரும்புவோர் மற்றொன்றையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்: விண்டோஸ் 10-க்குரிய பொதுவான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது.

இன்று கணினியினும் கைப்பேசியே பெரிதாயிற்று. கொசுறும் அங்கே குடிபெயர்ந்துவிட்டது. கலியாண அழைப்பிதழ் என்னும் பெயரால் வாட்ஸப்பில் ஏ.பி.கே. கோப்பை அனுப்பி, திறந்தவர் கைப்பேசியைக் கைப்பற்றும் மோசத்தைப்பற்றி 2024-இல் இமாசலப் பிரதேசக் காவற்றுறையினர் எச்சரித்தனர். சாலை விதி மீறியதற்கு அபராதம் என்றும் அவ்வாறே வருகின்றது. அழைப்பிதழ் படமாக வரும். நிறுவவேண்டிய செயலியாக வருவதில்லை. கைப்பேசிக்கு வேண்டிய செயலிகளை அதற்குரிய கடையிலிருந்தே பெறுதலும், 'அறியாத இடத்துச் செயலிகளை நிறுவலாமா' என்று அது கேட்கையில் மறுத்தலும் நன்று. பணம் பறிபோயின், தாமதியாது 1930 என்னும் எண்ணுக்கு அறிவித்தல் வேண்டும். கணினியிற் புகுந்த கொடுநிரல்களை நீக்கும் கருவிகளை, 2017-இல் நடுவணரசு தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரம் இலவசமாகவே வழங்குகின்றது.

இனி ஒன்று கூறி முடிப்போம். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் மாமா இல்லத்தில் அமர்ந்து, எம் மடிக்கணினியில் ஆவணங்களைப் படிக்கும் மென்பொருள் ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தோம். மறுநாட்காலை அனுப்பவேண்டிய கட்டுரை ஒன்று இருந்தமையால் அவசரம். மூன்று கேள்விகளை ஊருக்கு உபதேசிக்கும் எம் விரல், பழக்கத்தால் 'நெக்ஸ்ட்' பொத்தான்மேற் சென்றுவிட்டது. பின்னிருந்து ஒரு விரல் நீண்டு வந்து திரையின் மூலையைத் தொட்டது. "மக்களே, இந்தப் பெட்டியில் குறியிட்டது நீயா, அவர்களா?" என்றார் மாமா. யாமல்லோம். குறியை நீக்கினோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துவர்த்தில் துடைத்துக்கொண்டே, தம் பேரன் அழைக்கும் நேரமாயிற்றென்று முன்னறைக்குச் சென்றார்.

நம் மாணவர் அனைவரும் விடுமுறைக்கு ஊர் செல்வர். அங்கே தந்தையோ, பாட்டியோ, ஓய்வுபெற்ற மாமாவோ ஒரு கைப்பேசியை நீட்டி, "இது என்னவோ கேட்கிறது, பார்" என்பர். அதனை வாங்கி நொடியில் அழுத்திக் கொடுத்துவிடுதல் எளிது. அவ்வாறு செய்யாது, அருகில் அமர்ந்து, அது கேட்பதை அவர்கள் வாயாலேயே ஒருமுறை படிக்கச் செய்வீர்களாக. யாம் 2014-இல் அதனைச் செய்யவில்லை.